ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350: வண்டியில் தெரியும் தலைமையின் பார்வை

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பற்றித் தமிழில் வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை இஞ்சின் சக்தி, மைலேஜ், வண்ணங்கள், ஆன்ரோடு விலை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவையெல்லாம் தேவையானவைதான், நானும் அவற்றைச் சொல்லாமல் விடப்போவதில்லை. ஆனால் இந்த வண்டியை ஓட்டிப் பழகியவன் என்ற முறையிலும், இதைத் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸின் ஆண்டறிக்கைகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையிலும், எனக்கு வேறொரு கேள்வி பெரிதாகப் படுகிறது. ஒரு நிறுவனத்தின் தலைவர் ஆலைக்கு உள்ளே பார்த்து முடிவெடுக்கிறாரா, அல்லது வெளியே சாலையில் செல்லும் வாடிக்கையாளரைப் பார்த்து முடிவெடுக்கிறாரா, அந்தப் பார்வை நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கில் எங்கே வந்து சேர்கிறது என்பதே அந்தக் கேள்வி. சென்னைக்கு அருகே தயாராகி, நாடு முழுவதும் ஓடும் இந்த ஒரு வண்டியை வைத்தே அதற்கு ஓரளவு விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் வண்டி. இப்போது விற்பனையில் இருப்பது 2021 செப்டம்பர் 1 அன்று அறிமுகமான தலைமுறை. 349 சிசி ஒற்றை சிலிண்டர் இஞ்சின். 6,100 ஆர்பிஎம்மில் 20.2 குதிரைத்திறன், 4,000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர். எடை 195 கிலோ, சீட்டின் உயரம் 805 மில்லிமீட்டர், டேங்கின் கொள்ளளவு 13 லிட்டர். எண்களை மட்டும் பார்த்து வண்டி வாங்குபவரை இது ஈர்க்காது. ஏறத்தாழ இதே விலையில் இரு மடங்கு சக்தி தரும் வண்டிகள் இந்தியச் சந்தையிலேயே இருக்கின்றன. ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது இந்த எண்கள் வேறு பொருள் கொள்கின்றன. நாலாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் செல்லும் பேருந்து வேகம் குறைந்தால், கியரைக் குறைக்காமலேயே திராட்டிலைத் தளர்த்தி மீண்டும் திருகினால் போதும். வண்டி முனகாமல், உதறாமல் இழுத்துச் செல்கிறது. பழைய கிளாசிக்கில் எண்பதைத் தொட்டதும் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கிய நீரில் தெரிவதுபோல் தெரியும். புதிய இஞ்சினில் அதிர்வைத் தணிக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால், அதே வேகத்தில் அந்த லாரியின் முகப்பில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் வரை தெளிவாகத் தெரிகிறது. நூறைத் தாண்டினால் இது சிரமப்படுகிறது என்பதும் உண்மை. விரட்டி ஓட்டுவதற்கான வண்டியாக இதை யாரும் வடிவமைக்கவில்லை.

கையில் தொட்டுப் பார்க்கும் இடங்களில்தான் இதன் தரம் அதிகம் தெரிகிறது. ஹேண்டில்பாரில் ஸ்டார்ட்டருக்கும் விளக்குக்கும் அழுத்தும் பொத்தான்களுக்குப் பதிலாகத் திருகும் குமிழ்கள் இருக்கின்றன. திருகும்போது விரலுக்குத் தெளிவான ஒரு 'டக்' கிடைக்கிறது. முகப்பு விளக்கின் உறையில், பழைய புல்லட்டில் இருந்ததுபோலவே, இரு ஓரங்களிலும் சிறிய பைலட் விளக்குகள். சாவி போடும் இடமும் அந்த உறையில்தான். மட்கார்டு பிளாஸ்டிக் அன்று, தகடு. இவை எதுவும் வண்டியை வேகமாக ஓட வைப்பதில்லை. செலவைக் குறைப்பதே தன் வேலை என்று நினைக்கும் ஒரு நிர்வாகியிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தால், முதலில் அடிபட்டிருக்கக்கூடியவை இவைதாம். இவை பிழைத்திருக்கின்றன என்பதே அங்கே முடிவெடுத்தவர் யாரை மனத்தில் வைத்திருந்தார் என்பதைக் காட்டுகிறது.

அந்த மனம் எப்படி அமைந்தது என்பதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து தயாரானது. 1990-களில் ஐஷர் குழுமம் இதை வாங்கியது. 2000-இல், அந்தக் குழுமத்தின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த விக்ரம் லாலின் மகன் சித்தார்த்த லால், இருபத்தாறு வயதில், ராயல் என்ஃபீல்டின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது மாதத்துக்குச் சுமார் 2,000 வண்டிகளே விற்றுக்கொண்டிருந்தன. தொழில் நட்டத்தில் இருந்தது. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சும் இருந்தது.

அன்றைய புல்லட்டைத் தெரிந்தவர்களுக்கு அது ஏன் விற்கவில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து வெளியேற்றி, ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, பிறகு ஒரே மிதி. முறை தவறினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுவது, கேபிள் அறுவது, மின் இணைப்பு செயலிழப்பது, நீண்ட பயணத்தில் இஞ்சின் இறுகிப்போவது ஆகியவை புல்லட் மெக்கானிக்குகளுக்கு நிரந்தர வருமானமாக இருந்தன. 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்று நம் ஊரில் சொல்வார்களே, புல்லட் வைத்திருப்பவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சொன்னது அதுதான்.

இத்தகைய நிலையில் பொறுப்பேற்கும் தலைவருக்கு முன்னால் இரண்டு எளிய வழிகள் இருந்திருக்கும். உள்ளே மட்டும் பார்ப்பவர், ஆட்குறைப்பு, செலவுக் குறைப்பு, கொள்முதல் பேரம் என்று கணக்கைச் சரிசெய்திருப்பார். வெளியே மட்டும் பார்ப்பவர், அன்று இந்தியச் சாலைகளை நிரப்பிக்கொண்டிருந்த 100 சிசி ஜப்பானிய வண்டிகளைப் பார்த்துவிட்டு, நாமும் அதையே செய்வோம் என்று இறங்கியிருப்பார். லால் செய்தது இரண்டையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் செய்ததுதான் என்பது என் கருத்து. அவரே புல்லட் ஓட்டுபவர். நெடும்பயணம் போகும் ஓட்டுநர்களோடு சேர்ந்து ஓட்டியவர். எதைத் தொடக்கூடாது, எதை மாற்றியே ஆக வேண்டும் என்பதை அந்த வெளிப்பார்வை அவருக்குச் சொன்னது. டேங்கின் வளைவு, உட்காரும் விதம், அந்தத் தனித்த ஓசை ஆகியவை தொடக்கூடாதவை. கியர் இருக்கும் பக்கம், எண்ணெய் ஒழுக்கு, கிக்கரின் பிடிவாதம் ஆகியவை போயே ஆக வேண்டியவை. கியர் இடப்பக்கம் மாறியபோது பழைய புல்லட் அன்பர்கள் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வாடிக்கையாளரைப் பார்ப்பது என்றால் இருக்கும் வாடிக்கையாளர் சொல்வதையெல்லாம் கேட்பது என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வாங்க ஆசைப்பட்டும் பயந்து ஒதுங்கி நின்றவர்களையும் சேர்த்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் உள்ளே பார்க்கும் வேலை தொடங்கியது, அது நீண்ட வேலை. ஜெய்ப்பூர் ஆலை மூடப்பட்டது. 2000-களின் நடுப்பகுதியில், ஐஷர் குழுமத்தின் மொத்தப் பொறுப்புக்கு வந்தபோது, குழுமம் நடத்திக்கொண்டிருந்த பதினைந்து தொழில்களில் பதின்மூன்றைக் கைவிட முடிவெடுத்தார். டிராக்டர் தொழில் 2005-இல் சென்னையின் டாஃபே நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஐஷர் என்றாலே டிராக்டர் என்று இந்திய விவசாயிகள் அறிந்திருந்த காலம் அது. மாதம் சில ஆயிரம் விற்கும் மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு டிராக்டரை விற்றதைப் பலரும் விபரீதமாகப் பார்த்தார்கள். லாரித் தொழிலுக்கு 2008-இல் வால்வோவோடு கூட்டு ஏற்பட்டது. இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய புதிய இஞ்சின் அதே ஆண்டு ராயல் என்ஃபீல்டின் மற்றொரு மாடலான தண்டர்பேர்டில் வந்தது. எண்ணெய் ஒழுகும் இடங்கள் குறைந்தன, வால்வுகளை இயக்கும் டாப்பெட்டைச் சரிசெய்யும் வேலையே இல்லாமல் போயிற்று. அந்த இஞ்சினோடு, 1950-களின் புல்லட்டை நினைவூட்டும் உருவத்தில், 2009 இறுதியில் கிளாசிக் வந்தது.

அதன் பிறகு விற்பனை எண்கள் ஏறிய வேகம் இந்திய வாகனத் துறையில் அபூர்வமானது. 2012-இல் ஆண்டு விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2014-இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 2018-19 நிதியாண்டில் எட்டு லட்சத்தைத் தாண்டியது. 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. ஒரு காலத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த ஐஷர் மோட்டார்ஸ் பங்கு 2017-இல் 30,000 ரூபாயைக் கடந்தது. சாதாரண முதலீட்டாளர் ஒரு பங்கைக்கூட யோசித்து வாங்க வேண்டிய நிலை ஏற்பட்டதால், 2020 ஆகஸ்டில் ஒரு பங்கு பத்தாகப் பிரிக்கப்பட்டது.

இப்போதைய நிலையை விளக்க ஓர் ஒப்பீடு போதும். 2024-25 நிதியாண்டில் ஹீரோ மோட்டோகார்ப் சுமார் 59 லட்சம் வண்டிகளை விற்று சுமார் 4,600 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டியது. அதே ஆண்டில் ராயல் என்ஃபீல்டு சுமார் 10 லட்சம் வண்டிகளை விற்றது. ஐஷர் மோட்டார்ஸின் ஒருங்கிணைந்த நிகர லாபம் 4,700 கோடியைத் தாண்டியது. இதில் வால்வோ கூட்டு நிறுவனத்திலிருந்து வரும் பங்கும், கையிருப்புப் பணத்திலிருந்து கிடைக்கும் வருமானமும் அடங்கும் என்பதால் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது முழு நியாயம் ஆகாது. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. தகட்டு மட்கார்டுக்கும் திருகும் குமிழுக்கும் கொடுக்கும் செலவை, அதை விரும்பிக் கேட்கும் ஒருவர் மகிழ்ச்சியோடு திருப்பிக் கொடுக்கிறார் என்பதுதான் அந்த இடைவெளியின் பொருள்.

ஆனால் இதைத் தலைமையின் பார்வை ஒன்றால் மட்டுமே நிகழ்ந்ததாகச் சொன்னால் அது வழிபாடாகிவிடும். மைசூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்துவந்த ஐடியல் ஜாவா 1996-இல் மூடப்பட்டிருந்தது. புல்லட் இருந்த இடத்தில் போட்டிக்கு ஒருவருமே இல்லாத களம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிடைத்தது. நடுத்தர வர்க்கத்தின் வருமானம் உயர்ந்த காலமும் அதுதான். ஜாவா 2018-இல் திரும்பி வந்தது, ஹோண்டா 2020-இல் ஹைனஸ் சிபி350-ஐக் கொண்டு வந்தது, 2023 ஜூலையில் பஜாஜ் வழியாக டிரையம்ப் ஸ்பீடு 400-உம் ஹீரோ வழியாக ஹார்லி எக்ஸ்440-உம் வந்தன. எட்டு லட்சத்தைத் தாண்டிய ஆண்டு விற்பனை அதற்குப் பிறகு சரிந்து 2021-22-இல் ஆறு லட்சத்தருகே வந்து நின்றது. பெருந்தொற்றும் சிப் தட்டுப்பாடும் காரணங்கள். எனினும் சரிவு அவற்றுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அந்தச் சரிவுக் காலத்தில் நிர்வாகத்தின் கண் எங்கே இருந்தது என்பதற்குப் புதிய கிளாசிக்கே விடை. லெஸ்டர்ஷயரின் புரூன்டிங்தார்ப்பில் 2017-இல் திறக்கப்பட்ட தொழில்நுட்ப மையமும் சென்னையின் பொறியாளர்களும் சேர்ந்து இஞ்சின், சேஸி, பிரேக் என்று ஏறத்தாழ எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள். தொலைவில் நின்று பார்ப்பவருக்கோ பழைய வண்டியும் புதிய வண்டியும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே அத்தனையையும் மாற்றிவிட்டு வெளியே எதையும் மாற்றாததுபோல் காட்டுவதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். அதே சமயம் குறைகளும் வெளிப்பட்டன. இக்னிஷன் காயில் குறைபாட்டுக்காக 2021 மே மாதம் பல மாடல்களில் சுமார் 2.37 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன; அதே ஆண்டு டிசம்பரில், பின்சக்கர டிரம் பிரேக் கொண்ட புதிய கிளாசிக்கில் சுமார் 26,300 வண்டிகள் பிரேக்கின் ஒரு தாங்கிப் பகுதிக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. வெளியே வாடிக்கையாளரின் ஆசையைச் சரியாகப் படித்த நிறுவனம்கூட உள்ளே ஆய்வு மேசையிலிருந்து கண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இவை சான்று.

வெளிப்பார்வை மட்டும் போதாது என்பதற்கு இதே குழுமத்தில் இன்னும் கூர்மையான சான்று உண்டு. அமெரிக்காவின் போலாரிஸுடன் சேர்ந்து 2015-இல் ஐஷர் கொண்டுவந்த மல்டிக்ஸ் என்ற சிறு வாகனம், குடும்பத்தையும் சரக்கையும் ஏற்றலாம், மின்சாரமும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் சிறுதொழில் செய்வோருக்காக வடிவமைக்கப்பட்டது. வாடிக்கையாளரை நினைத்துத் தொடங்கிய திட்டம்தான்; ஆனால் 2018 மார்ச்சில் மூடப்பட்டது. புல்லட் விஷயத்தில் தலைவரே வாடிக்கையாளராக இருந்தார், சீட்டில் உட்கார்ந்து பல ஆயிரம் கிலோமீட்டர் போயிருந்தார். மல்டிக்ஸ் வாங்க வேண்டிய காய்கறி வியாபாரியின் இடத்தில் அப்படி யாரும் உட்காரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். யாதவ், பிரபு, சாண்டி ஆகிய மூவர் 2007-இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்கில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க வங்கித் தலைவர்கள் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய கவனம் வெளியே இருந்ததா, உள்ளே இருந்ததா, எதிர்காலத்தில் இருந்ததா என்று பார்த்து, அந்த வங்கிகள் இணைய வங்கிச் சேவைக்கு எவ்வளவு விரைவாக வந்தன என்பதோடு பொருத்தினார்கள். எதிர்காலத்தையும் வெளியுலகையும் நோக்கிய தலைவர்களின் வங்கிகள் முந்திக்கொண்டன. அந்த ஆய்வு அளந்தது புதுமைக்கு வந்த வேகத்தை, லாபத்தை அன்று. இந்த வேறுபாட்டை முதலீட்டாளர்கள் மறந்துவிடுகிறார்கள். கடிதத்தில் 'வாடிக்கையாளர்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிட்டுப் பங்கு வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். ஷோரூமுக்குப் போய் வண்டியின் வெல்டிங் விளிம்பைத் தடவிப் பார்ப்பது அதைவிட நம்பகமான ஆராய்ச்சி.

வாங்க நினைப்பவர்களுக்கு. இந்த வண்டியை நகர நெரிசலில் தினமும் இருபது கிலோமீட்டர் ஓட்டுவதற்கு வாங்க வேண்டாம். 195 கிலோவை யு-டர்ன் எடுக்கும்போதும், சரிவான பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போதும் தோளும் இடுப்பும் உணரும். உயரம் குறைந்தவர்கள் கட்டாயம் டெஸ்ட் ரைடு எடுத்துவிட்டு, நிறுத்திய வண்டியை ஒருமுறை தாங்களே தள்ளியும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கும், திடீரென பிரேக் பிடிக்கும்போது இரு சக்கரமும் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் டூயல் சேனல் ஏபிஎஸ்ஸும் உள்ள வகையையே எடுக்கச் சொல்வேன். டிரம் பிரேக் வகையில் மிச்சமாகும் பணத்துக்கு அந்தச் சமரசம் தகாது. கிக்கர் இப்போது இல்லை என்பதால் பேட்டரியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனதால், 349 சிசி என்ற இந்த வண்டியின் அளவு வாங்குபவருக்கும் நிறுவனத்துக்கும் ஒருசேரச் சாதகமாகிவிட்டது. வாரக்கடைசியில் ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ போய்வருபவர், ஒரே வண்டியைப் பத்தாண்டு வைத்துக்கொள்ள நினைப்பவர், வேகத்தைவிட ஓட்டும் சுகத்தை விரும்புபவர் ஆகியோருக்கு இந்த விலையில் இதைவிட நிறைவான வண்டியை என்னால் சொல்ல முடியவில்லை.

நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. சித்தார்த்த லால் இப்போது ஐஷரின் செயல் தலைவர். ராயல் என்ஃபீல்டை அன்றாடம் நடத்தும் பொறுப்பு, ஆலை வேலையில் நெடுங்காலம் ஊறிய பி. கோவிந்தராஜனிடம் இருக்கிறது. வெளியே பார்ப்பவரும் உள்ளே பார்ப்பவரும் இரு வேறு நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் ஏற்பாடு இது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கப்பட்ட சிறிய ராயல் என்ஃபீல்டு வண்டியின் பெயரைத் தாங்கி, 2024 நவம்பரில் மிலானில் காட்டப்பட்ட ஃபிளையிங் ஃபிளீ மின்சார வண்டிதான் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை. அதில் சைலன்சரும் இல்லை, அந்த ஓசையும் இல்லை. புல்லட்டில் தொடக்கூடாதவை என்று வைத்திருந்த பட்டியலில் பாதி அங்கே பொருந்தாது. யாருக்காக அந்த வண்டி என்பதை அதன் விலையும், அது முதலில் நிறுத்தப்படும் ஊர்களும், அதை வாங்கியவர்கள் ஓராண்டு கழித்து எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறார்கள் என்பதும் சொல்லிவிடும். வரும் ஆண்டறிக்கைகளில் தலைவரின் கடிதத்துக்கு முன்பாக நான் தேடப்போவது அந்த விவரங்களைத்தான்.